ரப்பர் படகுக்கு மின்மோட்டார்: காற்றையும் பேட்டரியையும் வைத்துத் தேர்ந்தெடுப்பது

ஒன்பதடி நீளமுள்ள ரப்பர் படகு ஒன்றை வாங்கி வைத்திருப்பதாகவும், ஊர்க் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கும் உங்கள் மாமாவுடன் வலை பார்த்து வருவதற்கும் விடுமுறை நாட்களில் தூண்டில் போடுவதற்கும் அதில் ஒரு மின்மோட்டார் பொருத்த விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் 80 பவுண்டு மோட்டாரைக் காட்டுகிறார், அது எத்தனை எச்.பி. என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே படகில் ஏற்றிக்கொள்ளலாமா என்றும் தெரியவில்லை என்பவை உங்கள் கேள்விகள். மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். உங்களுடையதைப் போன்ற படகு ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 80 பவுண்டு வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் 45 முதல் 55 பவுண்டு வரையிலான மோட்டார் உங்களுக்குப் போதும். அதில் மிச்சமாகும் பணத்தைப் பேட்டரிக்கும் கேபிளுக்கும் செலவிடுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு தேவைப்படும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எச்.பி. விஷயம். நம் பக்கத்தில் மோட்டார் என்றாலே கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும், ஐந்து எச்.பி., ஏழரை எச்.பி. என்று பேசிப் பழகிய நமக்குப் பவுண்டுக் கணக்கு குழப்பமாக இருப்பது இயல்பே. எச்.பி. என்பது திறன், அதாவது ஒரு விநாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதன் அளவு. படகு மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் பவுண்டு என்பதோ இழுக்கும் விசை. 55 பவுண்டு என்றால், படகு நின்ற இடத்தில் நிற்கும்போது அந்த மோட்டார் ஏறக்குறைய 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் எடைக்குச் சமமான விசையோடு படகைத் தள்ளும் என்று பொருள். அந்த நேரத்தில் அது 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர், அதாவது 600 வாட் வாங்கும். 746 வாட் ஒரு எச்.பி. என்பதால், உள்ளே போகும் மின்சாரமே முக்கால் எச்.பி.யைச் சற்றுத் தாண்டுவதுதான். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் தை மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய தெப்பம், கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, மெல்ல மெல்ல மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறது. தண்ணீரில் மிதக்கும் பொருளை மெதுவாக நகர்த்துவதற்குத் தேவைப்படும் விசை, அதன் எடையை நினைத்தால் மிகக் குறைவு. வேகம் கூடக் கூடத்தான் தண்ணீர் எதிர்க்கும்: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கும், அதற்கு வேண்டிய திறன் எட்டு மடங்கும் ஆகும்.

அதோடு, மிதந்து செல்லும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையை வைத்துவிடுகிறது. தண்ணீரில் படும் நீளம் ஒன்பதடி என்றால் அந்த எல்லை மணிக்கு ஏழு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறி ஓட வேண்டும். இரண்டு ஆட்களோடு அதைச் செய்ய 80 பவுண்டு மோட்டாரால் முடியாது. ஆக, 55-க்கும் 80-க்கும் நடுவே நீங்கள் காணப்போகும் வேக வித்தியாசம் மிகச் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்துக்கு 24 வோல்ட், அதாவது தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகள் வேண்டியிருக்கும். அந்த எடையையும் அதே மோட்டார்தான் சுமக்க வேண்டும்.

அப்படியானால் மிகச் சிறியதான 30 பவுண்டையே வாங்கலாமே என்று கேட்கலாம். படகோடு சேர்ந்த மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. இரண்டு ஆட்கள் 140 கிலோ, தரைப்பலகையோடு படகு 35, மோட்டார் 10, லித்தியம் பேட்டரி 12, வலை, பெட்டி, தண்ணீர்க் கேன் என்று ஒரு 15 வைத்தால் மொத்தம் 212 கிலோ வருகிறது. இந்தக் கணக்குப்படி பத்துப் பவுண்டே போதும்! காற்றில்லாத அதிகாலையில் அது உண்மையும்கூட. ஆனால் இந்தக் கணக்கில் காற்று இல்லை. நம் பகுதியில் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் மோட்டார் வாங்கக் கூடாது.

ரப்பர் படகு தண்ணீருக்குள் அதிகம் இறங்காது, தண்ணீருக்கு மேல் பெரிதாக நிற்கும். மரப் படகுக்கு இருக்கும் அடிப்பிடிப்பும் அதற்குக் கிடையாது. காற்று அடித்தால் பலூன் போல நழுவும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்கே கம்பம் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று எப்படியிருக்கும் என்பதை ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளே சொல்லும். உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆட்களையும் படகின் முகப்பையும் சேர்த்துக் காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பை 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 29 கிலோமீட்டர் வேகக் காற்று உங்களைச் சுமார் நான்கரை கிலோ விசையோடு, அதாவது பத்துப் பவுண்டால், பின்னுக்குத் தள்ளும். அதே காற்று 43 கிலோமீட்டருக்கு ஏறினால் தள்ளும் விசை பத்துக் கிலோ, அதாவது 22 பவுண்டு ஆகிவிடும். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எண்ணோ, படகு நிற்கும்போது அளந்த எண். படகு நகரத் தொடங்கியதும் அது குறைந்துகொண்டே போகும். 30 பவுண்டு மோட்டாரை வைத்துக்கொண்டு 22 பவுண்டுக் காற்றுக்கு எதிரே போக முயன்றால் மோட்டார் முழு வேகத்தில் இரையும், பேட்டரி இறங்கும், கரை மட்டும் கிட்டே வராது. 45, 55 என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். அந்தக் கூடுதல் விசை அன்றாட ஓட்டத்துக்கு அல்ல, நடுநீரில் காற்று எழும்பிவிட்டால் கரை சேர்வதற்கு.

மோட்டாரில் அடுத்துப் பார்க்க வேண்டியது வேகக் கட்டுப்பாடு. விலை குறைந்தவற்றில் முன்னுக்கு ஐந்து, பின்னுக்கு மூன்று என்று படிப்படியான வேகங்கள் இருக்கும். நம் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டரைப் போல, குறைந்த வேகங்களில் ஒரு தடைக்கம்பிச் சுருள் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, மிச்சத்தைச் சூடாக வீணாக்குவதுதான் அவற்றின் வழி. பி.டபிள்யூ.எம். என்ற முறையில், மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, வேண்டிய அளவை மட்டுமே மோட்டாருக்குக் கொடுப்பார்கள்; கைப்பிடியைத் திருகத் திருக வேகம் சீராக ஏறும். வலை பார்ப்பவர்களும் தூண்டில்காரர்களும் பாதி வேகத்துக்குக் கீழேதான் பெரும்பாலும் ஓட்டுவார்கள் என்பதால், இந்த ஒரு வசதியால் ஒரே பேட்டரியில் கிடைக்கும் நேரம் கணிசமாகக் கூடுகிறது. விலை சற்றுக் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சுழலும் காயிலுக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரா, பிரஷ் இல்லாததா என்றும் கடையில் கேட்பார்கள். பிரஷ் இல்லாதது மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும், மறுக்கவில்லை. ஆயினும் காயில் கட்டுபவனாக என் கருத்து, உங்கள் தேவைக்குப் பிரஷ் உள்ளதே நல்லது என்பதுதான். பிரஷ் தேய்ந்தால் அளவு பார்த்து மாற்றிவிடலாம், ஆர்மேச்சர் என்ற அந்தச் சுழலும் காயில் கருகினால் மீண்டும் சுற்றிவிடலாம். பிரஷ் இல்லாததை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போனால் நம் ஊரில் அதற்கு மாற்று கிடைப்பது கடினம். பிராண்டு எதுவானாலும் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நீங்கள் எழுதியிருந்த மின் கோட்டா 1934-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தொடங்கிய பழைய பெயர். மின்சாரத்துக்கு நாம் சொல்லும் மின் அல்ல அது; மின்னசோட்டா, டகோட்டா என்ற இரண்டு மாநிலப் பெயர்களைச் சேர்த்து வைத்தது.

தண்டின் நீளத்தைப் படகில் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மோட்டாரை மாட்டும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து, ஆட்கள் ஏறிய பின் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். இந்த அளவுப் படகுகளில் அது 25 முதல் 28 சென்டிமீட்டர் வரை இருக்கும். புரொப்பெல்லர் இலையின் மேல்நுனி தண்ணீருக்குள் ஒரு சாண் அளவாவது, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர், இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சிக்கொண்டு சும்மா சுழலும். இலையின் பாதி விட்டமான 12 சென்டிமீட்டரையும் சேர்த்தால் அறுபது சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே 30 அங்குலத் தண்டு, அதாவது 76 சென்டிமீட்டர், தாராளமாகப் போதும்; மிச்சத்தை மேலே தூக்கி இறுக்கிக்கொள்ளலாம். 36 அங்குலம் வாங்கினால் கைப்பிடி தோளுக்கு மேலே போய் நிற்கும்.

நம் கண்மாய்களில் ஆழம் குறைவு என்பது மட்டுமல்ல, சமூகக் காடு வளர்ப்பில் நட்ட கருவேல மரங்கள் பல கண்மாய்களின் உள்ளேயே நிற்கின்றன. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் ஒரு முழ ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். புரொப்பெல்லர் அதில் மோதினால் உடைவதற்கென்றே தண்டின் குறுக்கே ஒரு சிறு ஊசி இருக்கிறது. அந்த ஊசி உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத அந்த உலோகத் துண்டு இல்லாமல் மோட்டார் இரையும், படகு நகராது. உதிரி ஊசி இரண்டு, நட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர், இரண்டையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மோட்டாரோடு கட்டிவையுங்கள். ஆகாயத் தாமரை மண்டிய கண்மாயானால், செடி சிக்காமல் வழுக்கிப் போகும்படி இலை பின்னோக்கி வளைந்த இரட்டை இலைப் புரொப்பெல்லரைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, எங்கள் பட்டறைக்கு இந்த வகை மோட்டார் வந்தால் நான் முதலில் கழற்றிப் பார்க்கும் இடம் புரொப்பெல்லருக்குப் பின்புறம். அங்கே பெரும்பாலும் அறுந்த தூண்டில் நரம்பு தலைமுடி போலச் சுற்றி இறுகியிருக்கும். அது மெல்ல உள்ளே போய், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும், அதன் வழியே தண்ணீர் புகுந்து பேரிங்கும் ஆர்மேச்சரும் போகும். ஐந்தாறு முறை ஓட்டியதும் ஒருமுறை கழற்றித் துடைப்பவருக்கு இந்தச் செலவு வராது.

இனிப் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியைப் படகில் ஏற்ற வேண்டாம். அதன் எடை ஐம்பது கிலோவுக்கு மேல். மூன்றாவது ஆளை ஏற்றியதற்குச் சமம். திறந்த அமிலம் உள்ளது. படகு ஆடும்போது சிந்தினால் காலுக்கும் ஆபத்து, வலைக்கும் ஆபத்து. மேலும், 150 ஏ.எச். என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக, ஏழரை ஆம்பியராக, எடுத்தால் கிடைக்கும் அளவு. அதையே 50 ஆம்பியராக உறிஞ்சினால் ஏறக்குறைய நூறுதான் கிடைக்கும். அதிலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். கார் பேட்டரி இதைவிட மோசம். ஒரு நொடி வேகத்தில் நிறைய மின்சாரம் கொடுப்பதற்குச் செய்தது அது, மணிக்கணக்கில் கொடுப்பதற்கு அல்ல.

கையில் பணம் இருந்தால் 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். பன்னிரண்டு கிலோ அளவில் இருக்கும், எண்பது தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம், கடைசி வரை வோல்டேஜ் சரியாமல் நிற்கும். ஆனால் வாங்கும்போது ஏ.எச்.சை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். சோலார் விளக்குக்கென்று செய்த பேட்டரிகளில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் பலகைகள் இருக்கும். முழு வேகத்தைத் தொட்டதும் அவை மின்சாரத்தை வெட்டிவிடும். காற்றுக்கு எதிரே போராடும் நேரத்தில்தான் முழு வேகம் தேவைப்படும் என்பதை நினைத்துப் பாருங்கள். 55 பவுண்டு மோட்டாருக்கு 100 ஆம்பியர் தாங்கும் பி.எம்.எஸ். வேண்டும். சார்ஜரும் அந்த வகைக்கு உரியதாக, 14.4 அல்லது 14.6 வோல்ட்டில் நிற்பதாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடவும் வேண்டாம், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள்.

கேபிளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு ஆனி மாதத்தில், மதுரைக்கு மேற்கே ஒரு கண்மாயில், குத்தகைக்காரரோடு போயிருந்தேன். ஓட்டுபவரும் மோட்டாரும் பின்னால் இருப்பதால் படகு பின்பக்கம் அமுங்கும், அதனால் பேட்டரியை முன்பக்கம் வைப்பது சரியான முறை. அப்படியே வைத்து, மூன்று மீட்டர் தூரத்துக்கு, கையிலிருந்த 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரை இழுத்திருந்தேன். போகும்போது மெதுவாகப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது காற்று எழுந்தது. முழு வேகம் வைத்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் மோட்டாரின் ஓசை இறங்கியது, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, ஒயர் முனையில் லக் என்ற உலோகக் காதை மாட்டிய இடத்தில் ஒயரின் சிவப்புத் தோல் பழுப்பாகிச் சுருண்டு உள்ளே செம்பு தெரிந்தது. இணைப்பைக் கழற்றிவிட்டுத் துடுப்பை எடுப்பதற்குள் காற்று எங்களைக் கிழக்குக் கரையோரக் கருவேல மரங்களுக்குள் தள்ளிவிட்டது. முள் குத்தி ஒரு பக்க அறை முழுவதும் இறங்கிப்போனது. மற்ற அறைகளில் காற்று இருந்ததால் கரை சேர்ந்தோம்.

கணக்கு இதுதான்: மூன்று மீட்டர் தூரம் என்றால் போக வர ஆறு மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டரில் 50 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே இரண்டு வோல்ட் போய்விடும். நூறு வாட் சூடு அந்த ஒயருக்குள் அடைபட்டு நிற்கும். அதையே 16 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் இழப்பு 0.3 வோல்ட்டுதான். ஆகவே, 16-க்குக் குறையாத, இழை இழையாக வளையும் செம்புக் கேபிள் வாங்குங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்ப் செய்யும் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸோ, டி.சி.க்கென்று செய்த பிரேக்கரோ இருக்க வேண்டும். வீட்டு எம்.சி.பி.யை அங்கே வைக்காதீர்கள், ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் பொறி தானே அணைந்துவிடும், டி.சி.யில் அப்படி அணையாது, பொறி தொடர்ந்து எரிந்து எம்.சி.பி.யே உருகிவிடக் கூடும்.

கண்மாயைப் பொறுத்தவரை குத்தகைதாரர் உங்கள் மாமா என்பதால் சிக்கல் இல்லை. வைகை அணைப் பக்கம் போகும் எண்ணமும் இருப்பதாகத் தெரிகிறது. அணை நீர்த்தேக்கத்தில் முன் அனுமதியின்றிப் படகு இறக்கக் கூடாது. மோட்டார் பொருத்திய படகு என்றால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவைப் பற்றியும் பேசுகிறது. நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்த நீரானாலும் உயிர்காப்பு அங்கி இருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், துடுப்பு படகில் இருக்க வேண்டும். கடல் பக்கம், தொண்டி தேவிபட்டினம் என்று கொண்டுபோக நினைத்தால், உப்புநீருக்கென்று செய்த, துத்தநாகக் கட்டை பொருத்திய மோட்டார் வேண்டும்; நன்னீர் மோட்டாரைக் கடலில் இறக்கினால் உலோகம் விரைவில் அரித்துவிடும்.

எல்லாம் பொருத்திய பின், காற்றில்லாத ஒரு விடியற்காலையில், கரையோரமாகவே ஒரு சோதனை ஓட்டம் செய்யுங்கள். மோட்டாரைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். அதைக் குளிர்விப்பது தண்ணீர்தான். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரையும், கைப்பேசியின் ஜி.பி.எஸ்.சால் வேகத்தையும் பார்த்து, கைப்பிடியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் படகில் முழு வேகத்தில் ஏறக்குறைய 46 ஆம்பியரும் மணிக்கு 6 கிலோமீட்டரும் வந்தன. 16 ஆம்பியரில் 4.2 கிலோமீட்டர் கிடைத்தது. 100 ஏ.எச். லித்தியத்தில் 85 பயன்படுத்தலாம் என்று வைத்தால், முழு வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் 11 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். 16 ஆம்பியரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி 22 கிலோமீட்டர் வரும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் உறவு இப்படித்தான் இருக்கும். கிளம்பும்போது காற்று வரும் திசையை நோக்கியே போங்கள், திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். பேட்டரியில் 40 ஏ.எச். செலவானதும், மீன் எவ்வளவு கடித்துக்கொண்டிருந்தாலும், படகைத் திருப்பிவிடுங்கள்.